பழைய வின்செஸ்டர் எண்ணுக்குப் பதிவேட்டுக் கடிதம்: காசு கொடுத்து வாங்கலாமா?

பதிவேட்டுக் கடிதம் என்றால், வின்செஸ்டர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் பழைய பேரேட்டில் உங்கள் துப்பாக்கியின் எண்ணுக்கு நேராக எழுதியிருப்பதை அடித்துத் தரும் கடிதம். சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். வீட்டில் லைசென்ஸோடு ஒரு பழைய லீவர் துப்பாக்கி (அடியில் இருக்கும் லீவரைத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) இருந்து, அதன் எண்ணுக்குப் பதிவேடு இன்னும் பிழைத்திருந்தால், தாராளமாக வாங்கலாம். ஆனால் கடிதம் வந்தால் எல்லாக் கதையும் வெளியே வந்துவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது என்ன சொல்லும், என்ன சொல்லாது, அதற்கு முன்னால் துப்பாக்கியில் இருக்கும் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எல்லாம் சேர்த்துத்தான் இந்த மதிப்புரை. தமிழில் இதைப் பற்றி எழுதியதை நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளும்.

நான் சொல்வது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் இருக்கும் பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் என்ற பெரிய அருங்காட்சியகம். அதற்குள்ளேயே துப்பாக்கிகளுக்கென்று தனியாக ஒரு மியூசியம் இருக்கிறது. வின்செஸ்டர் கம்பெனி நியூ ஹேவனில் வைத்திருந்த பழைய துப்பாக்கிச் சேகரிப்பு 1970களில் அங்கே போய்ச் சேர்ந்தது. கையால் எழுதிய பழைய பேரேடுகளும் இன்று அங்கேதான் இருக்கின்றன. மார்லின், எல்.சி. ஸ்மித் கம்பெனிகளின் பதிவேடுகளும் அவர்களிடம்தான். துப்பாக்கியின் மாடலையும் எண்ணையும் எழுதிக் கட்டணம் கட்டினால், பேரேட்டில் அந்த எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு கடிதமாக அடித்துத் தருகிறார்கள். சேவை இவ்வளவுதான்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், அம்மா வழித் தாத்தாவிடம் இருக்கும் துப்பாக்கி ஒரு வின்செஸ்டர் 1892 மாடல். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு இருந்த காலத்தில் பன்றிக்காக வைத்திருந்தது. இப்போது கடலூர் முதுநகர் வீட்டில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. 2016ஆம் வருட ஆயுத விதிகளில் 25-வது விதி என்று ஒன்று உண்டு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருடம் இருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். தாத்தாவுக்கு 70 தாண்டிப் பல காலம் ஆயிற்று. மாமா பெயருக்கு மாற்றலாம் என்று தாள்களை எடுத்து வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பழைய லைசென்ஸ் புத்தகத்தில் யாரோ மை பேனாவால் எழுதிய எண்ணில் இரண்டாவது இலக்கம் 8. துப்பாக்கியில் பார்த்தால் அது 3 போலவும் தெரிகிறது, 8 போலவும் தெரிகிறது. “மாப்ள, இது மூணா எட்டா, நீயே சொல்லு” என்று மாமா போனில் ஒரு மங்கலான படத்தை அனுப்பினார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, புதுச்சேரியிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

ஒரு இலக்கம்தானே என்று தோன்றும். எங்கள் எண்ணை முழுதாக இங்கே போடப் போவதில்லை. 13 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணா, 18 என்று தொடங்கும் எண்ணா என்பதுதான் கேள்வி. பரவலாகப் புழங்கும் 1892 மாடல் அட்டவணையில் 1895 கடைசியில் 1,06,721 வரையும், 1896 கடைசியில் 1,44,935 வரையும் எண் போயிருக்கிறது. 1899 கடைசியில் 1,71,820, 1900 கடைசியில் 1,83,411. அப்படியென்றால் 13 என்றால் 1896, 18 என்றால் 1900 அல்லது அதை ஒட்டிய காலம். அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்ததுதான் பழம்பொருள். அதனால் அங்கே இந்த ஒரு இலக்கத்தில் விலையே மாறும். இங்கே அந்தக் கோட்டுக்கு எந்த மதிப்பும் கிடையாது. இங்கே வேறு கவலை. லைசென்ஸில் ஒரு எண், இரும்பில் ஒரு எண் என்றால் அது வேறு துப்பாக்கி என்றுதான் ஆகும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “நூறு வருஷத்துக்கு மேல பழசு, இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணாம்” என்று கடைத்தெருவில் சொல்வதை நம்பாதீர்கள். ஆயுதச் சட்டம் 1959இன் 45-வது பிரிவு விலக்கு கொடுப்பது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருக்கும் பழைய ஆயுதங்களுக்குத்தான். வயது மட்டும் போதாது. எங்கள் 1892 இன்றைக்கும் சுடும். லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் விவரங்கள் இப்போது தேசியத் தரவுதளத்தில் தனி அடையாள எண்ணோடு ஏறுகின்றன, தப்பான எண் ஒருமுறை அங்கே ஏறிவிட்டால் பிறகு அதை இறக்குவது பெரும்பாடு.

சரி, எண்ணைப் படித்த கதைக்கு வருகிறேன். முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதே மாடலுக்கு மாடல் மாறும். 1873, 1876, 1886 மாடல்களில் எண் கீழ்ப் பட்டையில் இருக்கும், அதாவது லீவருக்குப் பின்னால் கட்டையின் அடிப்பக்கமாக ஓடும் இரும்பு நாக்கில். 1895 மாடலிலும் கீழ்ப் பட்டைதான். 1892, 1894 இரண்டிலும் அப்படி இல்லை. துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்தால் நடுப்பெட்டியின், அதாவது உள் பாகங்கள் இயங்கும் இரும்புப் பெட்டியின், அடிப்பாகத்தில், முன்கட்டை தொடங்கும் இடத்துக்குச் சற்றே பின்னால் தெரியும். துப்பாக்கியை ஒற்றைக் கையில் தூக்கி நடப்பவர் எவரும் எடை சமமாக நிற்கும் அந்த இடத்தில்தான் பிடிப்பார். வியர்வைக் கை பட்டுப் பட்டு, வருடக்கணக்கில் தோப்பைச் சுற்றி வந்ததில் எண்ணின் விளிம்பு தேய்ந்துபோகும். எங்களுடையதில் அதற்கு மேல் முதுநகர் உப்புக்காற்றும் சேர்ந்து புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தது.

லைசென்ஸ் தாத்தா பெயரில் என்பதால் துப்பாக்கியைக் கையாண்டது முழுக்க அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் காட்டினேன், படம் எடுத்தேன். லீவரைத் தள்ளித் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, சுண்டு விரலைக் குழலின் வாய்க்குள் விட்டுத் தடவி, குழலுக்கு அடியில் ஓடும் தோட்டாக் குழாயையும் பார்த்து, காலி என்று உறுதியான பிறகுதான் கவிழ்த்து மடியில் வைத்தார். வயதானாலும் அந்த ஒழுங்கு மாறவில்லை. உங்கள் வீட்டிலும் இதைச் செய்யாமல் எண்ணைப் பார்க்கக் குனியாதீர்கள்.

எண்ணுக்குள் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாக இறுகிக் கிடந்தது. தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ஊற வைத்து, பருத்தித் துணியாலும் பல்குத்தும் குச்சியாலும் மெல்ல எடுத்தோம். உப்புத்தாள், கம்பி பிரஷ், துருநீக்கும் அமிலம் எதுவும் கூடாது. பளபளவென்று ஆக்கிவிட்டால் படிக்கலாமே என்று மாமா கேட்டார், நான் விடவில்லை. பழைய மேற்பரப்பு போனால் மதிப்பு போகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு துப்பாக்கியில் பொறித்த எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று சட்டம் அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். ஆசையாகத் துடைக்கப் போய் வழக்கில் மாட்ட வேண்டாம்.

துடைத்த பிறகு அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து, முதலில் இடப்பக்கம் இருந்தும் பிறகு வலப்பக்கம் இருந்தும் வெளிச்சம் விட்டோம். நேராக மேலிருந்து அடித்தால் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும், பள்ளம் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அச்சுக் குத்திய பள்ளத்துக்கு ஒரே சீரான அகலமும் செங்குத்தான ஓரமும் இருப்பது தெரிந்தது. துரு அரித்த குழிக்கு அது கிடையாது, ஓரம் சரிந்து, ஆழம் கண்டபடி இருக்கும். எங்கள் இலக்கத்தின் வலப்பக்க வளைவுகள் இரண்டும் சீராக இருந்தன. இடப்பக்கம் 8 ஆக்கிக் காட்டியது இரண்டு துருக் குழிகளும் ஒரு கீறலும்தான். மெல்லிய டிரேசிங் தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தபோதும் 3 என்றே விழுந்தது. நான் 3 என்றேன். தாத்தா ஆரம்பத்திலிருந்தே 3 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்குத்தான் திருப்தி இல்லை. நம்மைத் தவிர வேறு யாராவது சொல்ல வேண்டும் என்றார், அதுவும் நியாயம்தான்.

கடிதத்துக்குப் போகும் முன், துப்பாக்கியில் இருக்கும் மற்ற எழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1892 மாடலில் 14 அக்டோபர் 1884 என்று ஒரு தேதி பொறித்திருக்கும். அது செய்த வருடம் இல்லை, உள்ளே இருக்கும் பூட்டு அமைப்புக்கு ஜான் பிரௌனிங் வாங்கிய காப்புரிமையின் தேதி. 1884இல் இந்த மாடலே கிடையாது. 1873 மாடலின் குழலில் கிங் என்பவரின் காப்புரிமையாக 1866, 1860 என்று தேதிகள் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு 1860இல் செய்தது என்று விலை சொல்பவர்களும் இருக்கிறார்கள். மாடல் வருடமும் அப்படித்தான், 1894 மாடல் 2006 வரை எழுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. 10 லட்சமாவது 1894 துப்பாக்கியை 1927இல் அதிபர் கூலிட்ஜுக்குக் கொடுத்தார்கள், 20 லட்சமாவதை 1953இல் ஐசன்ஹோவருக்கு. அதனால் 1894 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பழம்பொருள் என்று துள்ள வேண்டாம்.

சிறப்பாகச் செய்த துப்பாக்கிகளில் கட்டையைக் கழற்றினால் உள்ளே மரத்திலும், பட்டையின் பக்கத்திலும், பின்தகட்டின் உட்புறத்திலும் சின்ன எண்கள் இருக்கும். கட்டையையும் இரும்பையும் ஜோடி சேர்ப்பதற்காகப் பட்டறையில் போட்டது அது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் கட்டை அசல் என்று சொல்லலாம், வரிசை எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. 1873 மாடலில் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி என்று எழுத்து வருவதுண்டு, கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் விடாமல் எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்தையும் பின்னி நீள்வட்டத்துக்குள் போட்ட சோதனை முத்திரைதான், அதாவது சுட்டுச் சோதித்தாயிற்று என்பதற்கான குறி. வின்செஸ்டர் கம்பெனி அதை 1905இல்தான் குத்தத் தொடங்கியது. எண் 1896ஐக் காட்டி, குழலில் மட்டும் அந்த முத்திரை இருந்து, நடுப்பெட்டியில் இல்லாவிட்டால், குழல் பின்னால் மாற்றியது என்று சந்தேகப்படலாம். எங்கள் துப்பாக்கியில் இரண்டிலும் இல்லை. அந்த இல்லாமையே எனக்குப் பெரிய நிம்மதி. இங்கிலாந்து வழியாக வந்தவற்றில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை முத்திரை இருக்கும், அதுவும் எங்களுடையதில் இல்லை.

இனி தேதி அட்டவணை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல ஒரே அட்டவணையின் நகல்கள். அதை வைத்துத் தோராயமாக ஒரு வருடம் சொல்லலாம், அவ்வளவுதான். தொழிற்சாலையில் நடுப்பெட்டியை மெருகேற்றும் பகுதியில் எழுதி வைத்த பதிவேடு தனியாக இருக்கிறது, எண் குத்திய தேதி அதில் வரும். 1894 மாடலுக்கு இந்த இரண்டும் வருடக்கணக்கில் முரண்படும். அட்டவணைப்படி 1898 கடைசியில் 1,47,684 வரை எண் போயிருக்க வேண்டும், ஆனால் பதிவேட்டின்படி பார்த்தால் அந்த எண்களில் பல அதற்குப் பிந்தியவை. அதோடு எண் குத்திய நாளும், துப்பாக்கி முழுசாகிக் கிடங்குக்கு வந்த நாளும், கிடங்கை விட்டு வெளியே போன நாளும் வேறு வேறு. எண் குத்திய பெட்டி சில சமயம் மாதக்கணக்கில் தட்டிலேயே கிடக்கும். கடிதத்தில் வருவது கிடங்குத் தேதிகள். அட்டவணை 1896 என்கிறது, கடிதம் 1897 என்கிறது, யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பதற வேண்டியதில்லை.

விண்ணப்பிப்பது எளிது. மாடல், எண், உங்கள் முகவரி, கட்டணம் டாலரில். அங்கே உறுப்பினராகச் சேர்ந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு, ஒரே ஒரு துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது தேவைப்படாது. நம் ஊரில் சிக்கல் வருவது கார்டில்தான். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும், வங்கியின் செயலியில் போய் நாமே திறந்து விட வேண்டும். கட்டணத்தோடு வங்கி பிடிக்கும் பரிமாற்றக் காசையும் கணக்கில் வையுங்கள்.

கட்டுவதற்கு முன்னால் உங்கள் எண்ணுக்குப் பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். 1873க்கு 7,20,496 வரை இருக்கிறது, நடுவில் சில துண்டுகள் இல்லை. 1876க்கு 63,871 வரை, 1886க்கு 1,56,599 வரை, 1892க்கு 3,79,999 வரை, 1894க்கு 3,53,999 வரை, 1895க்கு 59,999 வரை. 1866க்கு 1,24,995 முதல் 1,70,101 வரைதான், அதுவும் அரைகுறை. இவற்றைத் தாண்டிய எண்களுக்கு ஒன்றும் கிடைக்காது. 1892 மாடல் மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிவேடு பிழைத்திருக்கிறது. மார்லினுக்கு 1883 முதல் 1906 வரையிலான பதிவேடுகள். பிந்திய எண்ணாக இருந்தால் அட்டவணையோடு நின்றுகொள்ளுங்கள், காசை வீணாக்காதீர்கள்.

நான் செய்தது இதுதான்: 13இல் தொடங்கும் எண்ணையும் 18இல் தொடங்கும் எண்ணையும் இரண்டையுமே கேட்டேன். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம், பரவாயில்லை. யோசனை என்னவென்றால், பேரேட்டில் தேதி மட்டும் இல்லை. அந்த எண்ணுக்குரிய துப்பாக்கி ரைஃபிளா, குட்டையான கார்பைனா, என்ன தோட்டா, குழல் உருண்டையா எட்டுப்பட்டையா, விசை சாதாரணமா வேறு வகையா என்று ஒரு வரியில் இருக்கும். நம் கையில் இருப்பது 24 அங்குல எட்டுப்பட்டைக் குழல், மேலே 44 டபிள்யூ.சி.எஃப் என்று தோட்டாவின் பெயர் பொறித்த ரைஃபிள். எந்த எண்ணின் வரி இதோடு பொருந்துகிறதோ அதுதான் சரியான எண்.

வந்த பதில் தெளிவாக இருந்தது. 18இல் தொடங்கும் எண், உருண்டைக் குழல் போட்ட ஒரு கார்பைன். தோட்டாவும் வேறு. நம்முடையதோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை. 13இல் தொடங்கும் எண்ணுக்கு நேராக ரைஃபிள், 44, எட்டுப்பட்டைக் குழல், சாதாரண விசை என்று எழுதி, கிடங்குக்கு வந்த தேதியும் வெளியே போன தேதியும் ஆர்டர் எண்ணும் இருந்தன. வெளியே போனது 1897இல். தாத்தாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். “எட்டுப்பட்டைன்னு எழுதியிருக்கானா?” என்று அதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். நூற்று இருபது வருடத்துக்கு முன்னால் எங்கோ ஒரு குமாஸ்தா பேனாவில் எழுதிய வரி, முதுநகர் வீட்டில் மடியில் கிடக்கும் இரும்போடு அப்படியே ஒத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. எழுத வெட்கமில்லை.

இந்தப் பொருத்தம்தான் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு என்று நினைக்கிறேன். வருடம் தெரிய வேண்டும் என்று மட்டும் வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். துப்பாக்கி பட்டறையை விட்டுப் போன நிலையிலேயே இருக்கிறதா, குழலை வெட்டிக் குட்டையாக்கினார்களா, தோட்டா அளவை மாற்றினார்களா, கட்டை வேறா என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. துப்பாக்கி பழுதுக்காகத் தொழிற்சாலைக்கே திரும்பி வந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்.

சொல்லாதது எது என்றால், யாருக்குப் போனது என்பது. வின்செஸ்டர் பேரேடுகளில் வழக்கமாக வாங்கியவர் பெயரோ ஊரோ இருக்காது. கோல்ட் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியின் கடிதங்களில் அது வரும், இங்கே வராது. எங்கள் வீட்டில் காலங்காலமாக ஒரு பேச்சு, தாத்தாவின் அப்பா இதைப் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்கார அதிகாரியிடமிருந்து வாங்கினார் என்று. 1954க்கு முன்னால் அங்கே பிரெஞ்சு ஆட்சி, இங்கே நம் பக்கம் வேறு ஆட்சி. எல்லை தாண்டி எப்படி வந்தது என்பதற்கு ஒரு தாளும் இல்லை. அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் பதில் இருக்கும் என்றுதான் அம்மா எதிர்பார்த்தார். நியூ ஹேவன் கிடங்கை விட்டுப் போனது வரைக்கும்தான் அதில் இருக்கிறது. கடலைத் தாண்டியதும் எல்லாம் வாய்வழிக் கதைதான். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள், பெரியவர்கள் மனம் நோகாது.

அதேபோல இந்தக் கடிதம் இந்தியச் சட்டப்படி ஓர் ஆவணம் இல்லை. அதைக் காட்டினால் லைசென்ஸில் எண்ணைத் திருத்திவிடுவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். துப்பாக்கியை நேரில் பார்த்து, எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் எதுவும் நடக்கும். எங்களுக்கு அது உதவியது வேறு விதத்தில். எண்ணைச் சரிபார்க்க வந்தவரிடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்கள், பென்சில் தேய்த்த தாள், கடிதங்கள் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுத்தோம். இது கார்பைன் இல்லை, ரைஃபிள் என்று நாம் வாயால் சொல்வதற்கும் கோப்பைத் திறந்து காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவரும் டார்ச்சை வாங்கிப் படுக்க வைத்துப் பார்த்தார், 3 என்றார். திருத்தத்துக்கான மனு இப்போது நடைமுறையில் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. 1892 போலவே இருக்கும் எல்லாமே வின்செஸ்டர் இல்லை. ஸ்பெயினில் ஐபார் என்ற ஊரில் காராத்தே அனிதுவா என்ற கம்பெனி இதே மாடலை எல் டிக்ரே என்ற பெயரில் அச்சு அசலாகச் செய்தது. அதே லீவர், அதே 44 தோட்டா. குழலில் இருக்கும் பெயரைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வின்செஸ்டர் அட்டவணையில் தேடினால் கண்டிப்பாக ஒரு வருடம் கிடைக்கும், அதற்கு அர்த்தமே இருக்காது. எண் என்பது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று தெரிந்த பிறகுதான் எண். வின்செஸ்டரே பெரும்பாலும் மாடலுக்கு மாடல் ஒன்றிலிருந்து எண் போட்டது. அதனால் 1873இன் 50,000மும் 1892இன் 50,000மும் வெவ்வேறு காலம், முன்னது 1880, பின்னது 1894.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது கட்டணத்துக்காக. நம் ரூபாயில் அது கை கடிக்கும், இரண்டு எண் கேட்டால் இரண்டு மடங்கு. பதில் எழுதிய விதத்தில் குறையே இல்லை. பதிவேட்டில் இருப்பதை மட்டும் சொன்னார்கள், இல்லாததை ஊகித்து ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இன்னொரு முறையும் காசு கட்டுவேன்.

கடலூர், பண்ருட்டி, பாண்டிப் பக்கம் லைசென்ஸோடு பழைய லீவர் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் சில இருக்கும் என்று தெரியும். கடிதத்துக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் மாடல் பெயரையும், கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்த எண்ணையும் கீழே எழுதுங்கள். பதிவேடு இருக்கும் வரம்புக்குள் வருகிறதா, தோராயமாக எந்த வருடம் என்று பார்த்துச் சொல்கிறேன். எண்ணை முழுதாகப் பொதுவில் போட வேண்டாம், லைசென்ஸ் புத்தகத்தின் படத்தையும் போட வேண்டாம். 1895 மாடல் யாரிடமாவது இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதன் கீழ்ப் பட்டையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.